கடற்கரை ஊரில் கார்: அடிப்பாகத்துக்குக் கோட்டிங் அடிக்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு படிக்க வருபவர்களுக்கும் புரியும். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு மாற்றலாகி வந்திருக்கிறீர்கள். வீடு கடலிலிருந்து அரை கிலோமீட்டர். கார் வாங்கி ஆறு வருடம். சர்வீசுக்கு விட்ட இடத்தில், அண்டர்பாடி கோட்டிங் அடித்தால் துரு கிட்டவே வராது, 5,500 ரூபாய், காலையில் விட்டால் மதியம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். வாட்டர் சர்வீஸ்காரரோ, அதெல்லாம் தண்டச் செலவு, 300 ரூபாய்க்கு வேஸ்ட் ஆயில் அடித்துத் தருகிறேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இன்றைய தேதிக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். நீங்கள் இருக்கும் இடத்துக்கு அடிப்பாகப் பாதுகாப்பு தேவைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஆறு வருடம் ஓடிய வண்டியின் மேல் அரை நாளில் அடித்து அனுப்பும் கறுப்புக் கோட்டிங் துருவை மூடி வைக்குமே தவிர நிறுத்தாது. டிங்கரிங் பட்டறை வைத்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. துருப்பிடித்து நான் வெட்டி எடுத்த ரன்னிங் போர்டுகளில் (கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி மாதிரித் தகடு) நிறைய, வெளியே பார்க்கப் பளபளவென்று கோட்டிங்கோடு வந்தவைதான்.

முதலில் ஊரைப் பற்றி. மதுரையில் உங்கள் வீட்டுக் கல் உப்பு ஜாடி பெரும்பாலும் உதிரியாகவே இருந்திருக்கும். இங்கே வந்து ஒரு மாதத்தில் கசிய ஆரம்பித்திருக்குமே, வீட்டில் கேட்டுப் பாருங்கள். காருக்கு அடியில் நடப்பதும் அதேதான். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தண்ணீரை இழுக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே இழுத்துவிடும். தூத்துக்குடியில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்கும் நேரம் அரிது. ஆக மழை ஒரு சொட்டு பெய்யாவிட்டாலும், வண்டியை எடுக்காமல் நிறுத்தியே வைத்திருந்தாலும், அடியில் படிந்த உப்பு தானே ஓர் ஈரப்படலத்தை உண்டாக்கிக்கொண்டு இரும்பைத் தின்றுகொண்டிருக்கும். தின்னத் தின்ன உப்பு தீர்ந்தும் போகாது. அடுத்த இடத்துக்கு நகரும், அவ்வளவுதான்.

நம் கடற்கரை எவ்வளவு பொல்லாதது என்பதற்குப் பாம்பனைப் பார்த்தால் போதும். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்கு வருடம் முழுக்கப் பெயின்ட் வேலை நடந்துகொண்டே இருந்தது. அப்படியும் தூக்குப் பகுதி அரித்துப்போய் 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தினார்கள். பக்கத்தில் மண்டபத்தில், காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி) நிறுவனத்தார் உலோகத் தகடுகளைக் கடல் காற்றில் வைத்து, எது எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று பல காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். அரிப்பைப் படிக்க அதைவிட வசதியான இடம் வேறு எது?

ஒரு ஆறுதல் உண்டு. காற்றிலுள்ள உப்பு, கடலை ஒட்டிய முதல் சில நூறு மீட்டரில்தான் மிக அதிகம். உள்ளே போகப் போகச் சட்டென்று குறைந்துவிடும். எட்டயபுரத்தில் இருப்பவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், மாதம் ஒரு தடவை அடியில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், காசை மிச்சம் பிடியுங்கள் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். உங்கள் வீடு ரெண்டுங்கெட்டான் தூரத்தில் இருக்கிறது. அதோடு உப்பு லாரி சிந்திக்கொண்டு போகும் ரோடும் உங்கள் வழியில் இருந்தால், கடலோரமே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யூடியூபில் இதைப் பற்றி நிறைய வீடியோ இருக்கிறது. பெரும்பாலும் கனடாவும் அமெரிக்காவும்தான். அங்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்பைக் கொட்டி ஐஸை உருக்குகிறார்கள். நாலைந்து மாதம் வண்டியின் அடியில் உப்புச் சேறு பீய்ச்சி அடிக்கும், அப்புறம் நின்றுவிடும். அதனால் வருடம் ஒரு தடவை குளிருக்கு முன்னால் எண்ணெய் அடித்துக்கொள்வது அவர்களுக்குச் சரி. நமக்கு உப்பு காற்றிலேயே வருகிறது, பன்னிரண்டு மாதமும் வருகிறது, வெயிலும் கூடவே காய்கிறது. அங்கே நன்றாக வேலை செய்யும் சில எண்ணெய்கள், சித்திரை வெயிலில் தார் ரோட்டுச் சூட்டில் இளகிச் சொட்டிவிடும்.

சரி, துரு எங்கே ஆரம்பிக்கிறது? இதைத்தான் கோட்டிங் விற்பவர்கள் சொல்வதில்லை. கார் கம்பெனியில் வண்டியின் கூட்டை அப்படியே பெயின்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலைமுடுக்கெல்லாம் பிரைமர் ஒட்டச் செய்து, அடுப்பில் வைத்துச் சுடுகிறார்கள். அதன்மேல் தரைத் தகட்டிலும், சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் வீல் ஆர்ச்சிலும் கல் தெறிக்கும் இடங்களில் பிவிசி பூச்சு அடித்தே அனுப்புகிறார்கள். குனிந்து பார்த்தால் சொரசொரப்பாகத் தெரிவது அதுதான். ஆக, அகலமாக, தட்டையாக, கண்ணுக்குத் தெரிகிற இடங்கள் ஏற்கெனவே பத்திரமாகத்தான் இருக்கின்றன. கோட்டிங்காரர் ஸ்ப்ரே அடிப்பதும் அதே இடத்தில்தான்! துரு ஆரம்பிப்பது வேறு இடங்களில். இரண்டு தகடுகள் மடிந்து சேரும் விளிம்பு, ஸ்பாட் வெல்டுகளுக்கு இடையிலுள்ள இடுக்கு, ரன்னிங் போர்டின் உள்குழாய், கதவின் அடிமடிப்பு, போல்ட் தலை, ஜாக்கி வைத்து வைத்து பெயின்ட் நசுங்கிய இடம். இவற்றில் பாதி, வெளியிலிருந்து அடிக்கும் எந்த ஸ்ப்ரேக்கும் எட்டாது.

ஒரு வண்டியைச் சொல்கிறேன். எட்டு வருடக் கார், திரேஸ்புரம் பக்கம். வேறோர் இடத்தில் மூன்று வருடத்துக்கு முன்னால் கோட்டிங் அடித்திருந்தார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை என்றுதான் என்னிடம் கொண்டுவந்தார். தூக்கிவைத்துப் பார்த்தால் அடிப்பாகம் புது வண்டி மாதிரி கறுப்பாக இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் ரன்னிங் போர்டைத் தட்டிக்கொண்டே வந்தேன். முன்பக்கம் 'டங் டங்' என்று கேட்டது, பின் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் 'தொப்' என்றது. அந்த இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினேன், கோட்டிங் தோல் மாதிரி உள்ளே போனது. கிழித்துவிட்டதும் காபி நிறத்தில் தண்ணீரும் துருச் சேறும் ஒரு டம்ளர் அளவுக்குக் கொட்டியது. பிறகு பார்த்தால், தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனி விட்டிருந்த துளைகள் எல்லாவற்றையும் அந்தக் கோட்டிங் அடைத்திருந்தது. கதவுக் கண்ணாடி வழியாக இறங்கிய மழைத்தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் மூன்று வருடமாக உள்ளேயே நின்றிருக்கிறது. அவர் காசு கொடுத்துத் துருவை வாங்கியிருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அடைக்காவிட்டாலும், கெட்டியாகக் காய்கிற ரப்பர் கோட்டிங்குக்கும் தார்க் கோட்டிங்குக்கும் இன்னொரு குணம் உண்டு. ஒரு கல் தெறித்தோ, வெயிலில் காய்ந்து வெடித்தோ ஓர் ஓரம் தூக்கிக்கொண்டால், அந்த இடுக்கு வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே ஊர்ந்துவிடும். வெளியே காற்று படும் இடத்தைவிட, காற்று எட்டாத இடுக்கில்தான் அரிப்பு வேகமாக நடக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும் என்பதால் உள்ளிருந்தே கோட்டிங்கைத் தள்ளித் தள்ளிப் பெரிதாகும். வெளியே ஒரு சின்னக் கொப்புளம்தான் தெரியும். தார் வகை விலை மலிவு, சீக்கிரம் வெடிக்கும். ரப்பர் வகை கொஞ்சம் தாங்கும், கல் தெறிக்கும் சத்தத்தையும் குறைக்கும். புது வண்டியில், சுத்தமான தகட்டின் மேல், வீல் ஆர்ச்சுக்கு மட்டும் என்றால் நானே அடித்துத் தருவேன்.

பழைய வண்டிக்கு நான் கையில் எடுப்பது மெழுகு வகை. தேன் நிறத்திலோ பழுப்பாகவோ இருக்கும், முழுக்கக் காயாது, தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும். கீறல் விழுந்தாலும் ஓரளவு தானே இழைந்து மூடிக்கொள்ளும். இடுக்குக்குள் ஊர்ந்து போகும். எல்லாவற்றையும்விட, உள்ளே என்ன நடக்கிறது என்பதை மறைக்காது. இதிலேயே நீர்க்க இருக்கும் ரகத்தைக் குழாய்க்குள் அடிப்பதற்கென்று நீளமான ஹோஸும், சுற்றிலும் பீய்ச்சும் நுனியும் வருகின்றன. கம்பெனி விட்டிருக்கும் ரப்பர் மூடிகளைக் கழற்றி, ரன்னிங் போர்டுக்குள் ஹோஸை முழுக்க விட்டு, அடித்துக்கொண்டே மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். வடிகால் துளையில் சொட்ட ஆரம்பித்தால் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கோட்டிங்குக்கு என்று ஒதுக்கும் பணத்தில் முதல் ரூபாய் இங்கேதான் போக வேண்டும் என்பது என் கட்சி. ஆட்டு ரோமக் கொழுப்பான லானோலினில் செய்ததும் இருக்கிறது. நல்ல சரக்குதான், ஆனால் வீல் ஆர்ச் மாதிரித் தண்ணீர் பீய்ச்சும் இடத்தில் கழுவிக்கொண்டு போய்விடும், வருடா வருடம் அடிக்க வேண்டியிருக்கும். ஆட்டு வாடையும் கொஞ்ச நாள் இருக்கும்.

வேஸ்ட் ஆயிலுக்கு வருகிறேன். இதற்கு ஒரு பரம்பரைப் பெருமை உண்டு. அம்பாசடர் காலத்தில் எஞ்சினே கசிந்து கசிந்து அடிப்பாகத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டது, அந்த இடம் மட்டும் துருப்பிடிக்காது. அதைப் பார்த்து வந்த பழக்கம்தான் இது. எண்ணெய்ப் படலம் தண்ணீரைத் தள்ளும் என்பது உண்மை. ஆனால் எஞ்சினில் எரிந்து கழிந்த எண்ணெயில் அமிலமும் உலோகத் துகளும் கலந்திருக்கும். அதில் டீசலைக் கலந்து அடித்தால் சஸ்பென்ஷன் புஷ்களின் ரப்பர் ஊதிப்போகும். பிரேக்கில் தெறித்தால் ஆபத்து. நம் ஊர்ப் புழுதி அதன்மேல் அப்பிக்கொண்டு, உப்பையும் ஈரத்தையும் பிடித்துவைக்கும் சேற்றுப் பற்றாக மாறிவிடும். சொட்டுவது மண்ணில் இறங்கும், சட்டமும் அதை அபாயக் கழிவு என்றுதான் சொல்கிறது. அடிக்காமல் விட்டால் 300 ரூபாய் மிச்சம்.

கோட்டிங்குக்கு முன் ஏற்கெனவே இருக்கும் துருவை என்ன செய்வது? செதில் செதிலாக எழும்பியிருப்பதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. தேய்த்தும் போகாமல் ஒட்டியிருக்கும் மெல்லிய செம்படலத்துக்கு மட்டும் ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று ஒரு திரவம் வருகிறது. அதில் டானின் இருக்கும். அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கினால் கறுத்துப்போகிறதே, கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான். டானின் இரும்போடு சேர்ந்து கறுப்பாகக் கெட்டிப்படும். பூசிய கொஞ்ச நேரத்தில் செம்பழுப்பு கருநீலமாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் துருவுக்குள் உப்பு மிச்சமிருந்தால் இந்த மை எல்லாம் ஒன்றும் செய்யாது, கறுப்புக்கு அடியிலிருந்து மறுபடி சிவப்பு கிளம்பும். அதனால் முதலில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுவதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

நல்ல தண்ணீர் என்று நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. தூத்துக்குடியில் கடலோரத்துப் போர் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே பீய்ச்சினால் என்ன மிஞ்சும்? வாட்டர் சர்வீசுக்கு விடுவதற்கு முன்னால், எந்தத் தண்ணீர் என்று கேட்டுவிடுங்கள். போர் தண்ணீர்தான் என்றால் சேற்றை அதில் போக்கிவிட்டு, கடைசி அலசலுக்காவது நாலு குடம் நல்ல தண்ணீர் செலவழியுங்கள். வீட்டிலேயே கார்டன் ஹோஸைத் தரையில் படுக்க வைத்து வீல் ஆர்ச்சுக்குள்ளும் அடியிலும் பீய்ச்சினால்கூடப் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்கிறவரின் கார், கோட்டிங் அடித்துவிட்டு மறந்துபோனவரின் காரைவிட நன்றாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போய் வந்தால் அன்றைக்கே கழுவுங்கள், அங்கே இரண்டு பக்கமும் கடல், காற்றடிக்கும் நாளில் சாரல் ரோட்டின் மேலேயே விழும்.

வேலை செய்யும் முறை பற்றிக் கொஞ்சம். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, வீல் ஆர்ச் பிளாஸ்டிக்குகளைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் அடிக்கிறார்கள் என்றால் அங்கேயே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, ஏர் கன்னால் இடுக்கெல்லாம் ஊதி, குறைந்தது ஒரு முழு வெயில் நாள் காய வேண்டும். வெளியே அரை மணியில் காய்ந்துவிடும், மடிப்புக்குள் இருக்கும் ஈரம் மறுநாள்தான் போகும். காலையில் விட்டு மதியம் எடுப்பது என்பது ஈரத்தை உள்ளே வைத்துத் தைப்பது. சைலன்சர், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், பிரேக் டிஸ்க், காலிப்பர், டிரைவ் ஷாஃப்ட் ரப்பர், புஷ்கள், சென்சார், எர்த் கம்பி இவற்றையெல்லாம் பேப்பரும் டேப்பும் போட்டு மறைத்த பிறகுதான் ஸ்ப்ரே எடுக்க வேண்டும். சைலன்சரில் பட்டால் முதல் நாள் புகையும் நாற்றமும் வரும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. மின்சாரக் கார் என்றால் பேட்டரிப் பெட்டியின் மேல் கம்பெனி சொல்லாமல் எதையும் அடிக்கக் கூடாது. தடிமனாக ஒரே கோட் வேண்டாம், மெல்லிசாக இரண்டு.

டப்பாவின் மேல் 'உப்பு மூட்டச் சோதனையில் 1000 மணி நேரம்' என்று போட்டிருந்தால் அதை வருடக் கணக்கில் பெருக்கிப் பார்க்காதீர்கள். அது 35 டிகிரிச் சூட்டில், 5 சதவீத உப்புக் கரைசலை மூட்டமாக்கி, கூண்டுக்குள் தட்டையான தகட்டில் விடாமல் அடிக்கும் சோதனை. கல் தெறிக்காது, வெயில் காயாது, நனைந்து உலர்ந்து நனைவதும் இல்லை. இரண்டு சரக்கை ஒன்றோடொன்று ஒப்பிட உதவும், அவ்வளவுதான்.

இன்னொன்று, துரு மேலிருந்தும் வரும். ஏசித் தண்ணீர் போகும் சின்ன ஹோஸ் அடைத்துக்கொண்டால் தண்ணீர் முன்சீட்டுக் கால்மிதி பக்கம் இறங்கும். கார்ப்பெட் மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அடியிலுள்ள ஸ்பாஞ்ச் மாதக்கணக்கில் நனைந்தே கிடக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் விஷயமும் இதுதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததே, அந்த வெள்ளத்தில் நின்ற கார்களில் எஞ்சினைச் சரிசெய்தவர்கள் பலர் கார்ப்பெட்டைக் கழற்றவே இல்லை. இப்போது தரைத் தகடு உள்ளிருந்து பூத்து வருகிறது. அடியில் என்ன விலை கோட்டிங் அடித்தாலும் இதற்குப் பலன் இல்லை. அதனால் பழைய கார் வாங்குபவர்கள் கால்மிதியைத் தூக்கி, கார்ப்பெட்டுக்குள் கைவிட்டு அழுத்திப் பாருங்கள்.

மீன் ஏற்றும் குட்டி யானைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: உங்கள் கணக்கே வேறு. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பாடியிலிருந்து நேராகச் சேசிஸில் சொட்டுகிறது. முதலில் அந்தத் தண்ணீரைக் குழாய் வைத்து வண்டிக்குப் பின்னால் கொண்டுபோய் விடுங்கள். சேசிஸை உரசி எடுத்து, துத்தநாக பிரைமரும் எப்பாக்சி பெயின்ட்டும் அடியுங்கள்.

உங்கள் காருக்கு நான் செய்யச் சொல்வது இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழக்கமான டிங்கரிடம் கொண்டுபோய் லிஃப்ட்டில் ஏற்றி, டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவரும் வைத்து அரை மணி நேரம் பாருங்கள். ஆறு வருடம் மதுரையில் ஓடிய வண்டி, பெரிதாக ஒன்றும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். போல்ட்களிலும் ஜாக்கி இடத்திலும் லேசான சிவப்பு இருக்கலாம். அப்படியென்றால் தேய்த்து, கன்வெர்ட்டர், பிரைமர், உள்குழாய்களுக்கு மெழுகு, இது போதும். எங்காவது தகடு அழுந்தினால், வெட்டி வெல்டு வைத்த பிறகுதான் பூச்சைப் பற்றிய பேச்சு. பங்குனிக்கும் ஆவணிக்கும் இடையில் செய்துவிடுங்கள், ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் எதுவும் ஒழுங்காகக் காயாது. ஆடிக் காற்றில் செய்வதாக இருந்தால் மூடிய ஷெட் உள்ள பட்டறையாகப் பாருங்கள், இல்லையென்றால் ஈர மெழுகின் மேல் தேரி மண் அப்பிக்கொள்ளும்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, கையோடு ஒரு ஈர்க்குச்சி கொண்டுபோங்கள். நான்கு கதவுகளின் அடிவிளிம்பிலும், இரண்டு ரன்னிங் போர்டின் அடியிலும் இருக்கும் துளைகளில் ஒவ்வொன்றாக விட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் தடையில்லாமல் உள்ளே போனால் பில்லைக் கட்டுங்கள்.